முப்பத்தேழாம் அளவு ஜோடி

“ஏண்டி, நான் அந்த ஜோடியில நூல் கட்டினேனா, இல்லையா? நீ பக்கத்துலதானே நின்னே, சொல்லு.”

இதை என்னிடம் கேட்டவர் எங்கள் பனிச்சறுக்கு அரங்கில் வாடகை ஸ்கேட் கொடுக்கும் கவுன்டரில் பதினோரு வருடமாக வேலை பார்த்த அக்கா. கேட்டது மேலாளரின் அறையில், அவர் முன்னிலையில். எனக்குப் பதில் தெரியும். ஆனால் அன்று வாய் வரவில்லை. அதனால் என்ன நடந்தது என்பதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். முதலில் அக்காவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவர் எப்படிப்பட்டவர் என்று தெரியாவிட்டால், நான் செய்தது எவ்வளவு கேவலம் என்பதும் தெரியாது.

அக்காவை எல்லோரும் ‘சைஸ் அக்கா’ என்பார்கள். வரிசையில் வருகிறவர் வாயைத் திறப்பதற்குள் கவுன்டரின் மேலிருந்து எட்டிக் காலைப் பார்ப்பார். “நாப்பது. இடது கால் கொஞ்சம் அகலம். இதைப் போடுங்க” என்று ஒரு ஜோடியை நகர்த்துவார். “இல்லைங்க, நான் எப்பவும் நாப்பத்தொண்ணுதான்” என்று சிலர் முறைப்பார்கள். “அது செருப்புக்கடைக்காரன் உங்களைச் சந்தோஷப்படுத்தச் சொன்னது” என்பார் அக்கா. ஐந்து நிமிடத்தில் அவர்களே திரும்பி வந்து நாற்பதை வாங்கிப் போவார்கள். பேர் ஒன்றும் அவருக்கு நிற்காது. தினமும் வருகிறவர்களைக்கூட அளவை வைத்துத்தான் சொல்வார். “முப்பத்தொம்பது இன்னைக்கு வரலையே, காய்ச்சலோ என்னமோ” என்று கவலைப்படுவார்.

வாடகை ஸ்கேட் என்றால் என்ன நிலையில் இருக்கும் என்பது போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு நாளைக்கு ஆறு பேர் காலை நுழைத்துக் கழற்றும் பொருள் அது. கணுக்காலைப் பிடித்து நிறுத்த வேண்டிய தோல், நனைந்த அட்டை மாதிரித் துவண்டிருக்கும். அடியில் இருக்கும் பிளேடுக்கு உண்மையில் இரண்டு விளிம்புகள் உண்டு, நடுவில் மெல்லிய பள்ளம். அந்த விளிம்புகள்தான் பனியைக் கவ்விப் பிடிக்கும். அவை மழுங்கிவிட்டால் சோப்புக்கட்டியின் மேல் நிற்பதும் அதன் மேல் நிற்பதும் ஒன்று. இதில் அக்காவுக்குப் பொறுக்காத விஷயம் ஒன்று இருந்தது. மோசமான ஜோடியைப் போட்டு விழுகிற யாரும் ஜோடியைக் குறை சொல்ல மாட்டார்கள். “எனக்குக் கால்ல பலம் இல்ல”, “எனக்கெல்லாம் இது வராது” என்று சிரித்துக்கொண்டே வெளியேறுவார்கள். அக்கா அவர்களைக் கூப்பிட்டு நிறுத்துவார். “உங்க கால்ல ஒரு குறையும் இல்ல. அதைக் கழட்டிக் குடுங்க, வேற தரேன். பத்து நிமிஷம் போய்ப் பாருங்க, அப்புறம் உங்களைத் திட்டிக்குங்க.”

புது ஜோடிகள் வாங்கச் சொல்லி மேலாளரிடம் மாதத்துக்கு ஒருமுறையாவது போய் நிற்பார். ஒருநாள் பழைய ஜோடி ஒன்றை அவர் மேசைமேல் வைத்து, “சார், இதுக்கு ஓட்டுப் போடுற வயசு வந்துடுச்சு. இன்னும் வேலை வாங்கினா பாவம்” என்றார். மேலாளர் சிரித்தார். ஜோடி மட்டும் மாறவில்லை.

சாணை பிடிக்கும் எந்திரம் பின்னறையில் இருந்தது. முன்பு அதில் வேலை பார்த்தவர் பாதிக் கண்ணை மூடிக்கொண்டு ஏனோதானோ என்று தேய்ப்பார் என்பது அக்காவின் பழைய புகார். அவர் வேறு வேலைக்குப் போனதும், அந்த வேலையைத் தனக்குக் கொடுக்கும்படி அக்கா கேட்டார்.

“பொம்பளைக்கு எதுக்கும்மா சாணையும் நெருப்புப்பொறியும்?” என்றார் மேலாளர்.

“உங்க வீட்டுல கத்தி தீட்டுறது யாரு சார், நீங்களா?”

நான்கு மாதம் இப்படியே இழுத்து, கடைசியில் கொடுத்தார்கள். எந்திரம் கைக்கு வந்த முதல் வாரம் அக்கா நூற்றிருபது ஜோடியையும் ஒன்றுவிடாமல் சாணை பிடித்து முடித்தார். ஒவ்வொரு பிளேடையும் முடித்ததும் நகத்தின் மேல் லேசாக இழுத்துப் பார்ப்பார். நகத்தில் வெள்ளைத் தூள் சுரண்டிக்கொண்டு வந்தால்தான் அது தேறும். அதனால் அவருடைய இடது கட்டைவிரல் நகம் எப்போதும் தேய்ந்தே இருக்கும். “என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுறாரு, அவர் கையில அறுபது உயிரு. என் கையில நூத்திருபது ஜோடிக் காலு. யாருக்குப் பொறுப்பு அதிகம்?” என்று என்னிடம் கேட்பார். அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

நான் அங்கே சேர்ந்தது அந்த நேரத்தில்தான். பள்ளிப் படிப்பு முடிந்து, மேலே என்ன என்று தெரியாமல் இருந்தேன். அதற்குள் ஒரு துணிக்கடையிலும் ஒரு மருந்துக்கடையிலும் வேலைக்குச் சேர்ந்து, இரண்டிலும் நிலைக்கவில்லை. “இங்கயாவது ஒட்டிக்கோ. உனக்காக இனி நான் யார்கிட்டயும் போய் நிக்க முடியாது” என்று அப்பா சொல்லி அனுப்பினார். எனக்கு ஓரிடத்தில் நிற்க வராது, எதையும் மெதுவாகச் செய்யவும் வராது. வந்த மூன்றாம் நாளே அக்கா எனக்கு ‘அவசரம்’ என்று பேர் வைத்துவிட்டார். “ஏய் அவசரம், ஸ்கேட் எங்கயும் ஓடிப் போகாது. நீ ஓடாதே” என்பார்.

கவுன்டரில் ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. பழுதான ஜோடியில் லேஸ் கோர்க்கும் கண்ணி ஒன்றில் சிவப்புக் கம்பளி நூல் ஒன்றைக் கட்டிவிட வேண்டும். கட்டிய ஜோடியைப் பின்னறை அலமாரியில் வைக்க வேண்டும். அந்த அலமாரிக்கு ‘ஆஸ்பத்திரி’ என்று பெயர். அங்கே இடமில்லாவிட்டால் ஜோடி அதன் பழைய இடத்திலேயே இருக்கலாம், ஆனால் நூலோடு இருக்க வேண்டும். நூலைக் கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும். வேறு யாரும் அதைத் தொடக் கூடாது.

சம்பவம் நடந்த அன்று ஒரு பள்ளியிலிருந்து நாற்பது பிள்ளைகள் வந்திறங்கினார்கள். அக்கா பின்னறையில் சாணையில் இருந்தார். எந்திரம் ஓடினால் அங்கே இடி விழுந்தாலும் கேட்காது. கவுன்டரில் நான் மட்டும். வேகமாகக் கொடுத்து முடிக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. முப்பத்தொன்பது பிள்ளைகள் உள்ளே போய்விட்டார்கள். கடைசியாக ரெட்டைச் சடை போட்ட ஒரு சிறுமி நின்றாள். அவளுக்கு வேண்டியது முப்பத்தேழு. எல்லா முப்பத்தேழும் தீர்ந்திருந்தது, ஒன்றைத் தவிர. அதில் சிவப்பு நூல் இருந்தது.

முந்தின நாள் மாலை அக்கா அதைக் கட்டும்போது நான் பக்கத்திலேயே நின்றேன். “இடது குதிகால்ல ரிவிட் ஆடுது, பாரு. நாளைக்கு மாத்தணும்” என்று சொல்லிக்கொண்டே கட்டினார். ரிவிட் என்பது பிளேடை அடிப்பகுதியோடு சேர்த்துப் பிடிக்கும் ஆணி. நான் அந்த ஜோடியை எடுத்துக் கட்டைவிரலால் பிளேடை அழுத்திப் பார்த்தேன். அசையவில்லை. கட்டைவிரலின் பலமும் ஓர் ஆளின் எடையும் ஒன்றா என்று யோசிக்கிற புத்தி எனக்கு அப்போது இல்லை.

“என்னம்மா, இன்னும் எவ்வளவு நேரம்? பிள்ளை அழுறா பாரு” என்றார் டீச்சர்.

பின்னறைக்குப் பத்தடி நடந்து போய் அக்காவை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. நான் நூலை அவிழ்த்து என் பேன்ட் பையில் போட்டுக்கொண்டு ஜோடியை நீட்டினேன். “தேங்க்ஸ் அக்கா” என்றாள் அந்தச் சிறுமி.

இருபது நிமிடத்தில் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வளைவில் திரும்பும்போது குதிகாலிலிருந்து பிளேடு கழன்று பக்கவாட்டில் திரும்பியிருக்கிறது. கையை ஊன்றி விழுந்திருக்கிறாள். மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. வண்டியில் ஏற்றும்போது அவள் டீச்சரிடம், “நான்தான் டீச்சர் ஒழுங்கா நிக்கல” என்று அழுதாள். அது என் காதில் விழுந்தது.

அன்று மதியமே மேலாளர் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார்.

“இந்த ஜோடியைச் சரி பார்த்தது யாரு?”

“நான்தான் சார்” என்றார் அக்கா. “நேத்தே பார்த்தேன். ரிவிட் ஆடுச்சு. நூல் கட்டினேன்.”

“நூல் எங்கே?”

அக்கா ஜோடியைக் கையில் வாங்கிக் கண்ணிகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை அது. என் மேல் அவருக்குத் துளியும் சந்தேகம் இல்லை. சாட்சிக்குக் கூப்பிட்டார், அவ்வளவுதான்.

நூல் என் பையில் இருந்தது. என் கை அதன் மேல் இருந்தது.

“நான் கவனிக்கலக்கா” என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு ஜோடியைப் பார்த்தார். “கட்டினேனே…” என்றார். கண்ணிகளை இன்னொரு முறை தடவிவிட்டு, “கட்டினேன்னுதான் நெனைச்சேன்” என்றார். இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் அவர் முகத்தில் என்னவோ ஒன்று இறங்கிப் போனது. என் பயத்தில் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சாணை எந்திரம் அவரிடமிருந்து போனது. பனித்தளத்தைச் சுற்றிக் கிடக்கும் ஈர விரிப்புகளைப் பிழிந்து காயப்போடும் வேலைக்கு மாற்றினார்கள். ‘எங்கள் ஊழியர் ஒருவரின் மறதியால்’ என்று பள்ளிக்கு மன்னிப்புக் கடிதம் போனது. அதைப் பிள்ளைகளுக்கு வகுப்பில் வாசித்துக் காட்டியதாக டீச்சர் தொலைபேசியில் சொன்னாராம். கை முறிந்த சிறுமி அன்று பள்ளிக்கு வரவில்லையாம். நான் வீட்டுக்குப் போகும் வழியில் நூலைப் பேருந்து நிறுத்தக் குப்பைத்தொட்டியில் போட்டேன். ‘அக்காவுக்கு வேலை போகலையே, இடம்தானே மாறியிருக்கு’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அக்காவுக்கு இருக்கிற பேருக்கு இதைத் தாங்குவார், நான் தாங்க மாட்டேன் என்றும் ஒரு நியாயம் கண்டுபிடித்தேன். நியாயத்துக்கா பஞ்சம்?

ஆனால் அக்கா கவலைப்பட்டது எந்திரத்துக்காக அல்ல. அது எனக்கு மெல்ல மெல்லத்தான் புரிந்தது.

அவருடைய அம்மாவுக்கு மறதி நோய். நான்கு வருடம் அக்காதான் வைத்துப் பார்த்துக்கொண்டார். கடைசி வருடம் அந்த அம்மா சட்டைப் பொத்தானைக் கையில் பிடித்துக்கொண்டு இதை என்ன செய்வது என்று கேட்பாராம். மகளைப் பார்த்து, “நீங்க யாரு, நர்ஸா?” என்பாராம். இதை அக்கா முன்பே சிரித்துக்கொண்டுதான் என்னிடம் சொல்லியிருக்கிறார். இப்போது ஒருநாள் விரிப்பைப் பிழிந்தபடியே, “எங்கம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. அடுப்பை அணைச்சேன்னு சத்தியம் பண்ணுவாங்க. போய்ப் பார்த்தா எரிஞ்சிட்டிருக்கும்” என்றார். சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு அக்காவின் பையில் ஒரு குட்டி நோட்டு வந்தது. கதவு பூட்டியது, விளக்கு அணைத்தது, தண்ணீர்க் குழாய் மூடியது எல்லாம் அதில் ஏறின. பேருந்து நிறுத்தம் வரை போய்விட்டுத் திரும்பி வந்து பின்வாசல் பூட்டை இழுத்துப் பார்ப்பார். ஒரு நாள் கவுன்டர் பக்கம் வந்தவரிடம் ஒருவர் காலை நீட்டிக் காட்டி, “சைஸ் அக்கா, என் அளவு சொல்லுங்க” என்று விளையாட்டாகக் கேட்டார். அக்கா காலைப் பார்த்தார். வாய் வரை ஏதோ வந்தது. “நீங்களே சொல்லிடுங்க தம்பி, எதுக்கு வம்பு” என்று நகர்ந்துவிட்டார்.

ஒருநாள் அவரைக் கூட்டிப் போக அவருடைய கணவர் வந்தார். அக்கா மூன்றாம் முறையாகப் பூட்டை இழுப்பதைப் பார்த்து, “கல்யாணம் ஆனதாவது ஞாபகம் இருக்கா?” என்றார்.

“அதைத்தான் மறக்கப் பார்க்குறேன், முடியலையே” என்றார் அக்கா. எப்போதும் போலப் பதில் வந்தது. ஆனால் அந்த ஆள் என்னைத் தனியாகப் பார்த்து, “ராத்திரி தூங்குறதில்லம்மா. எழுந்து எழுந்து அடுப்பைப் பார்க்குறா. இங்க எப்படி இருக்கா?” என்று கேட்டார். “நல்லாத்தான் இருக்காங்க மாமா” என்றேன். பொய்க்கு மேல் பொய் அடுக்குவதில் நான் தேறியிருந்தேன்.

இரண்டு மாதம் ஆனது. ஒரு காலையில் அக்கா என்னிடம் வந்து தயங்கித் தயங்கிக் கேட்டார். “நாளைக்கு நான் ஒரு டாக்டரைப் பார்க்கணும். ஞாபகத்துக்குப் பார்க்குற டாக்டர். வீட்டுக்காரருக்கு டியூட்டி. நீ கூட வர்றியா? சின்னப் பொண்ணு, அவர் சொல்றதையெல்லாம் மறக்காம கேட்டு வெச்சுக்குவே.”

அவ்வளவு பேரில் என்னைத்தான் கூப்பிட்டார். “வர்றேன்க்கா” என்றேன்.

டாக்டரின் அறை சின்னது. மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் மூளை இருந்தது. அக்கா அதைப் பார்க்காமல் உட்கார்ந்தார். டாக்டர் மூன்று சொற்களைச் சொல்லி ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னார்: சாவி, மேகம், நாற்காலி. பிறகு நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். அக்காவின் மேலுதட்டில் வியர்வை துளிர்த்தது. தேய்ந்த நகத்தை இன்னொரு நகத்தால் சுரண்டிக்கொண்டே கழித்தார். தப்பில்லாமல் கழித்தார். மூன்று சொற்களையும் சொன்னார். சொல்லிவிட்டு, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளை மாதிரி டாக்டரின் முகத்தைப் பார்த்தார்.

“இதெல்லாம் நல்லாத்தான் பண்றீங்க. மறதி இருக்குன்னு உங்களுக்கு முதல்ல எப்பத் தோணுச்சு?”

“ரெண்டு மாசம் முன்னாடி டாக்டர். ஒரு பொண்ணு கையை உடைச்சுட்டேன்.”

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அக்கா நூல் கதையை முழுக்கச் சொன்னார். “கட்டினது அப்படியே கண்ணுல நிக்குது டாக்டர். முடிச்சுப் போட்டது, பல்லால கடிச்சு இழுத்தது எல்லாம். ஆனா கட்டவே இல்ல. நடக்காதது நடந்த மாதிரி தெரியுதுன்னா அது பெரிய வியாதிதானே? எங்கம்மாவுக்கும் அப்படித்தான் இருந்துச்சு.” என் தோளைத் தொட்டார். “இவ பக்கத்துலதான் இருந்தா. வேணும்னா இவளைக் கேளுங்க.”

டாக்டர் என்னைப் பார்த்தார்.

“கட்டியிருந்தாங்க” என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ போல் கேட்டது. “நான்தான் அவுத்துட்டு அந்த ஜோடியைக் குடுத்தேன்.”

அக்கா என்னிடம் ஏன் என்று கேட்கவில்லை. “எந்தக் கண்ணியில இருந்துச்சு?” என்று கேட்டார்.

“மேலேருந்து ரெண்டாவதுல, அக்கா. இடது கால்.”

“எத்தனை முடிச்சு?”

“ரெண்டு.”

“ரெண்டு” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். டாக்டரைப் பார்த்தார். “நான் கட்டியிருக்கேன் டாக்டர். எனக்கு ஒண்ணுமில்ல.” சிரிப்பு வந்தது அவருக்கு. அப்படி ஒரு சிரிப்பு. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, அவர் சிரித்துக்கொண்டே இருந்தார். ஒரு நிமிடம், அந்த ஒரே ஒரு நிமிடம், என்னை மன்னித்துவிட்டார் என்று நான் நினைத்தேன்.

வெளியே வராந்தாவுக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. அங்கே வரிசையாக நாற்காலிகளில் வயதானவர்கள், பக்கத்தில் கைப்பிடித்தபடி அவர்களுடைய பிள்ளைகள். அக்கா அவர்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“எந்திரத்தை எடுத்தாங்க, போகட்டும். திட்டு வாங்கினேன், போகட்டும்” என்றார். குரல் உயரவில்லை. “என் புத்தியையே எங்கிட்டேருந்து பிடுங்கிட்டியேடி. ரெண்டு மாசம் என் கையை நான் நம்பல. என் கண்ணை நம்பல. பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்தப்போ நீ பக்கத்துலதானே நின்னே?”

“பயமா இருந்துச்சுக்கா.”

“எனக்கு மட்டும்?”

“நீ அடுத்த பஸ்ல வா” என்று மட்டும் சொல்லிவிட்டு, வாசல் நிறுத்தத்தில் வந்து நின்ற பேருந்தில் ஏறிப் போனார்.

மறுநாள் நடந்ததை எழுதி மேலாளரிடம் கொடுத்தேன். அன்றே என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள், அது சரிதான். அப்பா இன்னும் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. பத்து நாள் கழித்து அக்காவிடம் எந்திரத்தைத் திருப்பிக் கொடுத்தார்களாம். கவுன்டரில் வேலை பார்க்கும் இன்னொருவர் சொன்னார். “இப்ப எப்படியிருக்காங்க?” என்று கேட்டேன். “சாணையெல்லாம் பழையபடி அருமையாத்தான் பிடிக்கிறாங்க. ஆனா பூட்டை மட்டும் இன்னும் ரெண்டு தடவை போய்ப் பார்க்குறாங்க” என்றார். உண்மையைச் சொன்னதும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன். ஒருத்தருக்குத் தன் மேல் வந்த சந்தேகம், காரணம் போனபிறகும் போக மாட்டேன் என்கிறது.

அரங்கிலிருந்து பள்ளிக்கு இரண்டாவது கடிதம் எதுவும் போகவில்லை. “முடிஞ்ச விஷயத்தைக் கிளறாதே” என்றார் மேலாளர். நானே பள்ளிக்குப் போய்ப் பார்த்தேன். அவர்களுடையது அங்கே கடைசி வகுப்பு; அதற்குள் கல்வியாண்டு முடிந்து பிள்ளைகள் வேறு வேறு பள்ளிகளுக்குப் போயிருந்தார்கள். டீச்சரும் மாறிப் போயிருந்தார். அந்தப் பிள்ளைகளின் வீடுகளில் இன்றைக்கும் அந்த அக்கா ‘மறந்துபோன பொம்பளை’தான். கை முறிந்த சிறுமியோ, தான் ஒழுங்காக நிற்காததால் விழுந்ததாகவே நினைத்துக்கொண்டிருக்கலாம்.

அந்த வீடுகள் எனக்குத் தெரியாது. உங்களில் யாருக்காவது தெரிந்திருக்கலாம், அல்லது உங்களிடமிருந்து இதைக் கேட்பவருக்குத் தெரிந்திருக்கலாம். அதனால்தான் கேட்கிறேன்: இதை உங்களோடு நிறுத்திவிடாதீர்கள், நாலு பேருக்குச் சொல்லுங்கள். என்னைப் பற்றி எவ்வளவு மோசமாக வேண்டுமானாலும் சொல்லலாம். அந்தச் சிறுமியின் கால் சரியாகத்தான் நின்றது, அந்த அக்காவுக்கு எந்த மறதியும் இல்லை, இந்த இரண்டை மட்டும் விட்டுவிடாமல் சொல்லிவிடுங்கள்.